பல்லுக்கு வைத்த பணம்

தாவ்ஷூபிங் சந்தையூரில் விருந்துச் சாப்பாடு என்றாலே யூசென்னுக்குக் குமட்டும். பட்டாசுப் புகையும் பன்றிக்கொழுப்பும் மலிவுச் சாராயமும் கலந்த அந்த வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறிவிடும். ஆனாலும் போவாள். போகாமல் இருக்க முடியாது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் சிவப்பு உறையில் மொய்ப்பணத்தைக் கொடுப்பாள். அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி பெயரையும் தொகையையும் கத்தி எழுதிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு சிகரெட் நீட்டுவான். அதைப் புருஷனுக்கென்று பையில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு மேசையில் போய் உட்காருவாள். உட்கார்ந்து என்ன செய்வாள்? அவளால்தான் மெல்ல முடியாதே.

கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஐம்பது வயதுக்குள் போய்விட்டன. மிச்சம் இருந்தவை முன்னால் சில, அவையும் ஆடிக்கொண்டிருந்தன. விருந்தில் ஆவியில் வெந்த பன்றி வயிற்றுக்கறி வரும். மேசைக்குப் பத்துப் பேர், கிண்ணத்தில் பத்துத் துண்டு, ஆளுக்கு ஒன்று. அந்தக் கணக்கில் மட்டும் ஊருக்கே அப்படியொரு சுத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் தெஷெங், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் கிண்ணத்தை நீட்டுவான். அவள் தன் துண்டை அதில் போடுவாள். அவன் பாட்டுக்கு மென்றுகொண்டிருப்பான், அவள் தோஃபுவைத் தின்றுவிட்டு முட்டைக்கோஸ் சாற்றைக் குடிப்பாள். பல் இருக்கிறவன் பக்கோடா தின்கிறான் என்பார்கள். இங்கே பல் இல்லாதவள் காசு கொடுத்தாள், பல் இருக்கிறவன் தின்றான்.

முன்பெல்லாம் கல்யாணம், சாவு, பிள்ளை பிறந்தால் ஒரு விருந்து, அவ்வளவுதான். அது நியாயம். ஒருவன் வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் நாலு பேர் கை கொடுப்பது மனுஷத்தனம். இப்போது என்ன நடக்கிறது? பழைய லாரி ஒன்றை வாங்கினால் விருந்து. பன்றித்தொழுவத்துக்குப் புது ஓடு போட்டால் விருந்து. மாமனார் செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும், அவருக்கு எண்பதாவது பிறந்தநாள் என்று முப்பது மேசை போட்டு விருந்து. திருட்டுத்தனமாக மரம் வெட்டி மாட்டிக்கொண்டு ஆறு மாதம் உள்ளே இருந்தவன் வெளியே வந்தான். அவன் வீட்டிலும் விருந்து, அதற்கும் யூசென் நூறு யுவான் வைத்தாள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "நாங்க எத்தனை வருஷமா போட்டுக்கிட்டே இருக்கோம், எடுக்க வேண்டாமா?" போட்டவன் எடுப்பதற்கு விருந்து வைக்கிறான். அதில் போட்டவன் தான் எடுக்க வேண்டுமென்று மறுமாதமே விருந்து வைக்கிறான். வாங்கியதைக் காட்டிலும் கொஞ்சம் கூட்டித் திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் பெயர் நாறிவிடும். தூ, இதற்குப் பெயர் உறவாம்.

அவள் தேயிலைத் தொழிற்சாலையில் காம்பு பொறுக்குகிறவள். மேசையில் காய்ந்த இலையைப் பரப்பி, காம்பையும் மஞ்சள் இலையையும் கையால் தனியே எடுக்க வேண்டும். எடைக்குக் கூலி. தெஷெங் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டினான். சுண்ணாம்பு, செங்கல், பன்றித் தீவனம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். இருபத்தொன்பது வயது மகன் தெற்கே கடற்கரைப் பக்கம் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இருந்தான். அவன் சம்பளம் அவனுக்கே போதவில்லை, பெண்ணும் அமையவில்லை. வீட்டுப் பணம் யூசென் கையில்தான். அவள் நடத்திய சிக்கனத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே ஒட்டியிருப்பதை வழித்தெடுப்பாள், அதுவும் புருஷன் பல்லுக்குத்தான். சந்தை கலைகிற நேரத்தில் போய், விற்காமல் நின்ற முட்டைக்கோஸைப் பாதி விலைக்கு வாங்குவாள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதையே பன்றிக்கு ஊற்றுவாள். இப்படிச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த பணத்தை அஞ்சலக வங்கியில் போட்டு, பல்லுப் பணம் என்று பெயர் வைத்திருந்தாள்.

மேலும் கீழும் பல் கட்டுவதற்கு மூவாயிரத்து நானூறு யுவான் ஆகும் என்று மாவட்ட நகரத்துப் பல் வைத்தியர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் இரண்டாயிரத்தைத் தாண்டியபோது தெஷெங்கின் அத்தை பேத்திக்குக் கல்யாணம், மச்சினன் வீட்டுக்குக் கூரை, அடுத்த வீட்டுக்காரன் லாரி என்று வரிசையாக வந்தன. மறு வருடம் கல்லறைக்குக் கல் நாட்டுகிறார்கள் என்று ஐந்து வீட்டில் அழைப்பு. செத்தவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அந்த வருடம் கல் கேட்டார்கள் போலிருக்கிறது. மூன்றாம் வருடம் வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. மூவாயிரம் சேர்ந்துவிட்டது, வைத்தியரிடம் நாள்கூடக் கேட்டுவிட்டாள். அந்த வாரம் தெஷெங்கின் அக்கா குய்ஷியா வீட்டுத் தரைக்கு ஓடு பதித்து விருந்து வைத்தாள். கூடப் பிறந்தவள் என்பதால் எண்ணூறு. அந்த எண்ணூறு போனது எத்தனை எண்ணூறுகளுக்கு வழிகாட்டியதோ, ஆண்டு முடிவில் வங்கியில் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம்.

இந்தக் குய்ஷியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது வயது, வாய் நிறையப் பல், அதில் இரண்டு தங்கம். அவள் விருந்து வைக்காத வருடமே கிடையாது. நாய் குட்டி போட்டால்கூட மேசை போட்டுவிடுவாள் என்று ஊரில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், முன்னால் போய் உறையை நீட்டுவார்கள். புதுவருடம் கழிந்த ஏழாம் நாள் அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள். கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தொலியைத் தரையில் துப்பிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பெருக்கித் துடைத்த தரை. யூசென் விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து வருடமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், ஒரு தடவையாவது எடுத்தீர்களா என்றாள் குய்ஷியா. விதைக்கத் தெரிந்தவனுக்கு அறுக்கவும் தெரிய வேண்டும் என்றாள். தெஷெங் தலையைச் சொறிந்தான். பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீடோ பழையது, அப்பா அம்மா கல்லறைக்குக் கல் நாட்டி அந்த விருந்தையும் அக்காவே வைத்துவிட்டாள். எதைச் சாக்காகச் சொல்வது?

"சவப்பெட்டி," என்றாள் குய்ஷியா.

அந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே சவப்பெட்டி செய்து வைப்பது வழக்கம். பெட்டி தயாரானால் ஆயுசு கூடும் என்பார்கள். அதனால் அது நல்ல காரியம், விருந்து வைக்கலாம். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் செய்வார்கள். தெஷெங்குக்கு ஐம்பத்தைந்து, யூசென்னுக்கு ஐம்பத்து மூன்று. தனக்கு வேண்டாம் என்று தெஷெங் உடனே சொல்லிவிட்டான். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் வீட்டில் அவனுக்கென்று பெட்டி காத்திருந்தால் நன்றாகவா இருக்கும்? குய்ஷியா திரும்பி யூசென்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளுக்குச் செய்யலாம்டா. பல்லெல்லாம் போயிருச்சே. பாத்தா அறுபதுன்னு சொன்னா யாரு நம்பமாட்டா?"

சொல்லிவிட்டுத் தங்கப் பல் தெரியச் சிரித்தாள். யூசென்னுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பல்லுக்கு வைத்த பணத்தை எல்லாரும் சேர்ந்து தின்றார்கள். பல் போன வாயையே காரணம் காட்டி இப்போது சவப்பெட்டியும் செய்கிறார்கள். உயிரோடு இருக்கிற பெண்டாட்டியைச் சாவுக்குத் தயாராக்கிப் பணம் பறிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு, வந்தது வெறும் காற்றுதான். அதற்குள் தெஷெங் எழுந்து அவளைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினான். முதலில் வருகிற பணத்தில் அவளுக்குப் பல். அப்புறம்தான் மற்றதெல்லாம். அவன் அப்பா கல்லறை மேல் சத்தியம் செய்தான்.

அவள் ஒப்புக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஊரையே பார்த்து அருவருத்தவள், தன் முறை வந்தபோது கையை நீட்டிவிட்டாள்.

பெட்டி செய்தவர் சின் தச்சர். ஊரில் பாதிப் பேருக்குப் பெட்டி செய்தவர் அவர்தான். பழைய தேவதாரு மரம், கறுப்பு அரக்குப் பூச்சு, ஐயாயிரம் யுவான், விருந்து முடிந்ததும் தருவதாகக் கடன். கால்மாட்டுப் பலகையில் வாத்தின் கண் மாதிரி ஒரு முடிச்சு, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி. மரத்தில் முடிச்சு இருந்தால் விலை குறைய வேண்டும் என்று யூசென் பேரம் பேசினாள். அது அதிர்ஷ்ட முடிச்சு என்று சின் சொல்லிக் குறைக்கவே மாட்டேன் என்றார்.

விருந்தன்று அவளுக்குச் சிவப்புப் பருத்திச் சட்டை மாட்டி, பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் உறையைக் கொடுத்துவிட்டு நேராகப் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், கனம் நல்ல கனம் என்றார்கள், மோந்துகூடப் பார்த்தார்கள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அளவு எடுப்பது மாதிரிதான் பார்த்தார்கள். தேயிலை மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து காம்பு பொறுக்குகிறவள் காதோரம் வந்து, "உனக்கு எப்படி அதுக்குள்ள அறுபதாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். பெட்டி செய்த முறைக்குச் சின் வாழ்த்து வார்த்தைகள் சொல்லச் சொல்ல, யூசென் வாயைத் திறந்து "நல்லது, நல்லது" என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் கூட்டத்தில் யாரோ உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் பட்டாசு வெடித்துச் சிவப்புக் காகிதத் துணுக்குகள் சாற்றுக் கிண்ணத்தில் விழுந்தன. ஊதித் தள்ளிவிட்டுக் குடித்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேசைவிரிப்பு நெகிழியை நாலு முனையிலும் பிடித்து எலும்பு, எச்சில், சிகரெட் துண்டு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சாக்கடைப் பக்கம் வீசினார்கள். மிச்சக் கறியை மட்டும் குய்ஷியா தன் பையில் கட்டிக்கொண்டாள். அவள் வைத்த மொய் ஐந்நூறு. நாம் அவளுக்கு எண்ணூறு வைத்தோமே என்று யூசென் அன்றிரவு கேட்டதற்கு, அக்காவிடம் கணக்குப் பார்ப்பாயா என்றான் தெஷெங்.

பெட்டி விலையும் விருந்துச் செலவும் போக ஒன்பதாயிரம் கையில் நின்றது. இந்தத் தடவை பணத்தைத் தெஷெங் தன்னிடமே வைத்துக்கொண்டான். இது விருந்துப் பணம், வீட்டுப் பணம் இல்லையாம். வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்தான், டயர் மாற்றினான். அதற்குள் வாசலில் அழைப்புகள் வந்து குவிந்தன. அவர்கள் வீட்டில் மொய் வைத்தவர்கள் எல்லாம் வரிசையாக விருந்து வைத்தார்கள். வாங்கினோமே, கூட்டிப் போடாமல் இருக்க முடியுமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கோதுமை அறுப்பு வருவதற்குள் ஒன்பதாயிரத்தில் ஒரு காசு இல்லை. பல் எங்கே என்று அவள் கேட்டாள். மூணு மாசம் பொறு என்றான். அப்பா கல்லறை சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பெட்டி மட்டும் வீட்டில் நின்றது. பின்பக்கக் கொட்டகையில் இரண்டு பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்திருந்தார்கள். தெஷெங் மூடிமேல் மக்காச்சோளத்தைப் பரப்பிக் காயவைத்தான். அடியில் கோழி முட்டையிட்டது. சில நாள் அவன் அதன்மேல் குந்திக்கொண்டு சிகரெட் பிடித்தான், சாம்பலைத் தட்டினான், ஒரு தடவை எரிகிற துண்டை மூலையில் வைத்து மறந்து அரக்கைக் கருக்கிவிட்டான். யூசென் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் பல் எல்லாம் சேர்ந்து கறுப்பாகப் பெட்டியாகி நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று கஞ்சியோடு சேர்ந்து வந்த அன்று, அவள் தொழிற்சாலைக்குப் போகாமல் நேராகச் சின் தச்சர் பட்டறைக்குப் போனாள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சின் உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் இப்படி வந்து கேட்டதில்லை என்றார். ஆகாத காரியம் என்றார். தன் பெட்டியை விற்றவளுக்கு ஆயுசு குறையும் என்றார். அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

"அண்ணே, ஒரு நாள்கூட நான் அதுல படுக்கல. புதுசுதான். என்ன விலை தருவீங்க?"

சின்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். அவள் நாலாயிரம் என்றாள். முடிச்சு இருக்கிற பலகை, விலை போகாது என்றார் அவர். அன்றைக்கு அதிர்ஷ்ட முடிச்சு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் அவள். கடைசியில் மூவாயிரத்து நானூறுக்கு முடிந்தது. பல் வைத்தியர் நாலு வருடம் முன்னால் சொன்ன தொகை. அதற்குக் கீழே போவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் தீர்மானித்திருந்தாள்.

தெஷெங் சுண்ணாம்பு ஏற்றி மறுமலைக்குப் போயிருந்த நாளில் சின் ஆட்களோடு வந்து, தார்ப்பாய் போர்த்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் கேட்டவர்களிடம் இன்னொரு பூச்சு அரக்குப் பூசக் கொண்டுபோகிறோம் என்றார். அதற்கு அடுத்த வாரம் யூசென் மாவட்ட நகரத்துக்குப் பஸ் ஏறினாள். வேர்களைப் பிடுங்கினார்கள், வாயில் மாவைத் திணித்து அச்சு எடுத்தார்கள். ரப்பரும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு கண்றாவி ருசி. ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. வைத்தியர் விலையேற்றம் என்று இருநூறு அதிகம் கேட்டபோது மட்டும் சுளித்தாள். பேசிக் குறைத்தாள்.

அவள் புதுப் பல் மாட்டிக்கொண்டு வந்த பிறகும் தெஷெங் அவள் வாயைப் பார்க்கவில்லை, கொட்டகைப் பக்கமும் போகவில்லை. மக்காச்சோளம் முடிந்துவிட்டதல்லவா? ஒருநாள் சாயங்காலம் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ள வறுத்த மொச்சைக்கொட்டை வைத்திருந்தான். யூசென் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். 'கடக்' என்று சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இன்னொன்றை எடுத்தாள்.

பணம் ஏது என்று கேட்டான். கொட்டகையில் போய்ப் பார்க்கச் சொன்னாள். போனான், வந்தான். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. குடி கெடுத்தவள், சாவை வீட்டுக்குக் கூப்பிட்டவள் என்று வாய்க்கு வந்தபடி ஏசினான். பேசி முடிக்கட்டும் என்று அவள் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ செத்தா உன்னை எதுலடி வைக்கிறது?"

அவனை ஒருநாளும் ஒருமையில் கூப்பிடாதவள் அன்று கூப்பிட்டாள். "செத்தப்புறம் எதுல படுக்கறதுன்னு கேக்கறியே, சாகற வரைக்கும் எதை வச்சுத் திங்கறதுன்னு ஒரு தடவை கேட்டியா?"

அதன்பின் அவனுக்கு வந்த பயமே வேறு. பெட்டியை விற்றது வெளியே தெரிந்தால் மொய் வைத்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள், இது மோசடி விருந்து என்று பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பூட்டு ஒன்று வாங்கிவந்து வெறும் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். யாரிடமும் மூச்சுவிடாதே என்று அவளிடம் கெஞ்சினான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இல்லை, சலிப்பாகத்தான் இருந்தது.

இலையுதிர்காலத்தில் குய்ஷியா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவளுக்குச் சவப்பெட்டி தயாராகிவிட்டதாம். அவள் இவர்களுக்கு வைத்தது ஐந்நூறு, கூட்டிப் போட்டால் அறுநூறு. அறுநூறு யுவானுக்கு ஒரு மாதம் அரிசி, எண்ணெய், உப்பு எல்லாம் வாங்கிவிடலாம். யூசென் எண்ணி உறையில் வைத்தாள்.

மொய் மேசையில் பெயரைக் கத்தினார்கள். இரண்டு சிகரெட் கொடுத்தார்கள். கூடத்தில் பெட்டிக்கு முன்னால் குய்ஷியா சிவப்புச் சட்டையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கை காட்டி இருவரையும் கூப்பிட்டாள். வந்து பாருங்கள், உங்களுடையதைவிட ஒசத்தி என்றாள். ஆறாயிரத்து ஐந்நூறு ஆச்சாம். சின் தச்சர் மூன்று மாதம் தேடி எடுத்த மரமாம்.

யூசென் கால்மாட்டுப் பக்கம் போனாள். வாத்தின் கண் அவளைப் பார்த்தது. அதைச் சுற்றி அதே சிவப்பு வரி. ஒரு மூலையில், தெஷெங் சிகரெட்டை வைத்து மறந்த இடத்தில், அரக்கு கருகிக் கொப்பளித்து, மேலே புதிதாகப் பூசியிருந்தது.

"இந்த முடிச்சு பாத்தியா? இப்படி இருந்தா அதிர்ஷ்டமாம். சின் சொன்னாரு. இதுக்காகவே விலையில ஐந்நூறு கூடப் போட்டாரு," என்றாள் குய்ஷியா.

தெஷெங்கும் பார்த்துவிட்டான். அக்காவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பக்கத்து மேசையில் குனிந்து சூப்புக் குடித்துக்கொண்டிருந்த சின்னைப் பார்த்தான். சொன்னால் தன் குட்டும் உடையும், அக்காவின் விருந்தும் நாறும். சொல்லாமலிருந்தால் தன் பெண்டாட்டியின் பெட்டிக்கே மொய் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். யூசென் அவன் சட்டைக் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அது முழுதாக உறைத்தது. ஐயாயிரத்துக்கு வாங்கி, மூவாயிரத்து நானூறுக்கு விற்று, அந்தப் பெட்டியைப் பார்க்க அறுநூறு கொடுத்திருக்கிறாள். நாளை இதே கூட்டத்தில் எவளாவது ஒருத்தி இதே மாதிரி பட்டறை வாசலில் போய் நிற்பாள். சின் மறுபடி அரக்குப் பூசுவார். ஊரில் ஒருத்தரும் படுக்காமலே இந்த ஒரு பெட்டி எல்லாரையும் தின்று தீர்த்துவிடும். சீ என்று வந்தது. வெளியே சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். கடிக்க இப்போது பல் இருந்தது.

கறி வந்தது. பத்துத் துண்டு, பத்துப் பேர். தெஷெங் பழக்கதோஷத்தில் அவளைப் பார்க்காமலே கிண்ணத்தை நீட்டினான். யூசென் தன் துண்டை எடுத்துத் தன் வாயில் வைத்துக் கடித்தாள். நான்கு வருடம் ஒவ்வொரு விருந்திலும் மனசுக்குள் தின்று பார்த்த கறி. தோலில் மயிரை யாரும் சரியாகப் பொசுக்கவில்லை, முள்ளு முள்ளாக நாக்கில் குத்தியது. கொழுப்பு நேற்றைக்கு வேகவைத்து இன்று சுடவைத்த வாடை அடித்தது. இத்தனை வருடம் இதைத்தான் அவன் அத்தனை ருசியாகத் தின்றானா? இதற்காகத்தானா பல்லுப் பணமெல்லாம் போனது? துப்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் அறுநூறு யுவான் கொடுத்திருக்கிறாள்.

"உனக்கு வேணாம்னா இங்க போடு," என்றான் தெஷெங்.

"வேணும்," என்றாள் அவள். நிதானமாக, எல்லாப் பற்களையும் வைத்து மென்று விழுங்கினாள். பிறகு சாப்பாட்டுக் கோலை நீட்டி அவனுடைய துண்டையும் எடுத்துக்கொண்டாள். தெஷெங்கின் கிண்ணம் சற்று நேரம் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் அவன் அதைக் கீழே வைத்துவிட்டு முட்டைக்கோஸ் சாற்றை ஊற்றிக்கொண்டான்.